தொண்டி முதல் மண்டபம் வரை: சொந்த மோட்டார் படகில் கணவன் மனைவி இருவர் மட்டும் கரையோரமாகப் போய்வர

காரைக்குடிப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கடல் தூரமில்லை. தேவகோட்டை, திருவாடானை வழியாகக் காரில் ஒன்றரை மணி நேரத்தில் தொண்டிக்குப் போய்விடலாம். படகை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போனால் இன்னும் அரை மணி கூடும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிக் கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர்கள் இவை. அப்படியிருந்தும் சொந்தமாகப் படகு வாங்குகிறவர்கள் கொச்சிக்கும் கோவாவுக்கும் போகத்தான் திட்டமிடுகிறார்கள். நம் வாசலில் இருக்கும் பாக் விரிகுடா, இரண்டு பேர் நாலு நாள் நிதானமாகப் போய்வர ஏற்ற கடல். அதன் குணம் தெரிந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை உண்டு. இருவரில் யார் ஒருவர் கடலில் விழுந்தாலும், மயங்கிச் சாய்ந்தாலும், மற்றவர் ஒற்றை ஆளாகப் படகைக் கரைசேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐயா ஸ்டியரிங்கைப் பிடிப்பார், ஆச்சி பயணியாக உட்கார்ந்து வருவார் என்ற ஏற்பாடு குளத்துக்குச் சரி, கடலுக்குச் சரிப்படாது. என்ஜினைக் கிளப்புவது, நிறுத்துவது, நங்கூரம் போடுவது, ஜிபிஎஸ்ஸில் படகு நிற்கும் இடத்தைப் படித்துச் சொல்வது, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குப் பேசுவது ஆகிய ஐந்தையும் இருவரும் தனித்தனியாகச் செய்து பார்த்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும். கீழே சொல்லும் அளவுகளெல்லாம் இந்த நிபந்தனையை வைத்தே போடப்பட்டவை.

எந்த மாதம், எந்த நேரம்

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றின் காலம். பாக் விரிகுடாவைக் கலக்குவது இந்தக் காற்றுதான். இங்கே கடலின் பெரும்பகுதி 13 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. கரையோரத்தில் இரண்டு, மூன்று மீட்டர்தான். ஆழமில்லாத கடலில் எழும் அலை உயரம் குறைவாகவும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். ஒரு மீட்டர் அலைகூட 24 அடிப் படகை விடாமல் அடிக்கும், அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியை, தண்ணீருக்குள் குத்த வைக்கும். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளித்தாலும் பாக் விரிகுடா ஓரளவு அடங்கியிருக்கும், ஆனால் பகலில் பலமான மேற்குக் காற்று கிளம்பும். முதல் பயணத்துக்குப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதங்களிலும் காலையே உங்களுடையது. விடிந்து வெளிச்சம் நன்றாக வந்தபின், ஆறரை மணிவாக்கில் கிளம்பி, பதினோரு மணிக்குள் அடுத்த ஊரை அடைந்துவிட வேண்டும். நண்பகலுக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து கரையை நோக்கி வீசும். என்ஜின் நின்றால் அந்தக் காற்று படகை ஆழமற்ற தரைக்குத் தள்ளிவிடும். இரவில் ஓட்டவே கூடாது, வலைகளைப் பார்க்க முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடல் வெறிச்சென்று இருக்குமே என்று அப்போது கிளம்ப நினைப்பார்கள். கடல் காலிதான். ஆனால் விசைப்படகுகள் மொத்தமும் துறைமுகத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும், உங்கள் படகைக் கட்ட இடம் கிடைக்காது. மற்ற மாதங்களில் இந்தக் கடலில் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்றும் நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள் என்றும் ஒரு முறை நடப்பில் இருக்கிறது. விசைப்படகுகள் கூட்டமாக வெளியேறும், திரும்பும் நேரங்களில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற துறைகளின் வாசலில் குறுக்கே போகாதீர்கள். அந்த வாரம் எப்படி என்று ஊரில் படகு முதலாளியான ஒரு சம்மாட்டியிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

எங்கே போவது, எங்கே போகக்கூடாது

முதல் பயணம் தெற்கே: தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், வந்த வழியே திரும்புதல். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் ஏறத்தாழ 17 கடல்மைல். அங்கிருந்து மண்டபத்தின் வடகரைக்கு ஏறத்தாழ அதே தூரம். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம். பத்து நாட் வேகத்தில் ஒரு நாள் ஓட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். வலைகளைச் சுற்றிப் போவதற்கு இன்னும் ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் போதும். நடுவே ஒரு நாள் காற்றுக்காகக் காத்திருக்கக் கையிருப்பாக வையுங்கள். திங்கட்கிழமை அலுவலகம் இருக்கிறது என்பதற்காக மோசமான காற்றில் கிளம்புவதுதான் ஆபத்தின் தொடக்கம்.

மண்டபத்தோடு நின்றுகொள்வது நல்லது. பாம்பன் கால்வாயில் இரண்டு கடல்களுக்கும் நடுவே நீரோட்டம் வேகமாக இழுக்கும், பாறைகளும் உண்டு. உள்ளூர் ஓட்டுநர் ஒருவரைப் படகில் ஏற்றாமல் அதற்குள் நுழையக் கூடாது. பாம்பன் பாலத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் இருக்கின்றன. வனத்துறை அனுமதியில்லாமல் அவற்றில் இறங்கத் தடை.

வடக்கே கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் என்று போகும் வழி இரண்டாவது பயணத்துக்கு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். கடற்பசு மூச்சுவிட மேலே வரும்போது சுழலும் விசிறி (புரொப்பெல்லர்) பட்டால் பிழைக்காது. கடற்புல் படுகைகளின் மேல் ஐந்து நாட் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். கோடியக்கரை முனையைச் சுற்றுவது வேறு வகைக் கடல். மணல் திட்டும் நீவாடும் (நீரோட்டமும்) சேரும் இடம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகுக்கு அது வேண்டாம்.

எல்லைக்கோடு பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். 1974 ஒப்பந்தப்படி இந்திய, இலங்கைக் கடல் எல்லையில் மேற்கே மிகவும் தள்ளி வரும் புள்ளி வடக்கு 9°40.15′, கிழக்கு 79°22.60′. அது தொண்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கடல்மைல் தூரத்தில் இருக்கிறது. தொண்டிக்கும் மண்டபத்துக்கும் இடையே கிழக்கு 79°15′ஐத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டை ஜிபிஎஸ் பிளாட்டரில் (படகின் இடத்தை வரைபடத்தில் காட்டும் திரையில்) போட்டு அலாரம் வைத்துவிடுங்கள். என்ஜின் நின்று சில மணி நேரம் மிதந்தாலும் எல்லையைத் தொடாத அளவுக்கு இடைவெளி கிடைக்கும். கச்சத்தீவைத் தூரத்தில் இருந்தாவது பார்த்துவிடலாம் என்ற ஆசையே வேண்டாம்.

காகிதங்கள்

படகின் பதிவு எந்தப் பயன்பாட்டுக்கானது என்று சான்றிதழில் பாருங்கள். பயணத் திட்டத்தைத் தேதியோடு எழுதி, என்ன அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு கடல்சார் வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்பும் ஒவ்வோர் ஊரை அடைந்ததும் கடலோரக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். இந்தக் கடலில் தெரியாத படகைச் சோதிக்காமல் விடமாட்டார்கள். பதிவு, காப்பீடு, இருவரின் ஆதார் அசலும் நீர்புகா உறையில் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். சாட்டிலைட் போன் எடுத்துப் போகாதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விஎச்எஃப் ரேடியோவுக்கும் உரிமம் தேவை.

ஊரில் பொறுப்பான ஒருவரிடம் வழி, தங்கும் ஊர்கள், படகின் நிறம், இருவரின் எண்கள் எழுதிய தாளைக் கொடுங்கள். பகல் ஒரு மணிக்குள் உங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 என்று அவர் அடிக்க வேண்டும். வீணாகப் பதறுகிறோமோ என்று அவர் யோசிக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிவையுங்கள்.

படகும் என்ஜினும்

24 அடி ஃபைபர் படகு, 40 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் வெளிப்பொருத்து (அவுட்போர்டு) என்ஜின் ஒன்று, 8 அல்லது 9.9 எச்.பி. துணை என்ஜின் ஒன்று. இருவருக்கு இது போதும். துணை என்ஜினுக்குத் தனி பெட்ரோல் டேங்க் கட்டாயம் வேண்டும். பெரிய என்ஜின் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பெட்ரோலில் கலந்த தண்ணீரும் அழுக்கும்தான். அதே டேங்கிலிருந்து இரண்டாவதும் குடித்தால் அதுவும் நிற்கும்.

இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அளவு மிஞ்சினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அரை டேங்க் பெட்ரோலை இரண்டு மாதம் ஷெட்டில் வைத்திருந்து அப்படியே கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவே 10 மைக்ரான் நீர்பிரிக்கும் வடிகட்டி ஒன்று பொருத்தி, மாற்று வடிகட்டி இரண்டு கையில் வையுங்கள். எத்தனாலில் பழைய ரப்பர் குழாய்கள் உப்பி வெடிக்கும். விரலால் அழுத்தினால் பிசுபிசுக்கிற குழாயை மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு பெட்ரோல் என்பதை என்ஜின் கையேட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். டேங்கை விளிம்புவரை நிரப்பி, சாமான் எல்லாம் ஏற்றி, பயண வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி நிரப்பிப் பாருங்கள். ஒரு மணிக்கு 9 லிட்டர், பத்து நாட் வேகம் என்று வந்தால் ஒரு கடல்மைலுக்கு 0.9 லிட்டர். போய்வர 68 கடல்மைல், சுற்றுவழியோடு 75 என்றால் 68 லிட்டர். திரும்பும்போது காற்று எதிரே இருக்கும் என்பதால் அதற்கு மேலும் ஒரு பாதியைச் சேர்த்து ஏறத்தாழ 100 லிட்டர். டிரெய்லரில் இருக்கும்போதே பம்பில் நிரப்பிவிடுவது நல்லது. கடற்கரை ஊர்களில் பங்க் உள்ளே தள்ளி இருக்கும், பிளாஸ்டிக் கேனில் ஊற்ற மறுப்பார்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் என்றால் உங்கள் மாடல் கேட்கும் விகிதத்தில் ஆயில் கலக்க வேண்டும். 50க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. எண்ணெயை முதலில் ஊற்றி அதன்மேல் பெட்ரோல் விட்டால் நன்றாகக் கலக்கும்.

பாக் விரிகுடாவில் என்ஜினைக் கெடுப்பது கடற்புல். உதிர்ந்த புல் மேலே மிதந்துவந்து, கீழ்க்கால் பகுதியில் தண்ணீர் உறிஞ்சும் வலைக்கண்ணை அடைத்துக்கொள்ளும். என்ஜினின் பின்னால் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் பார்க்க வேண்டும். தாரை மெலிந்தால் உடனே நியூட்ரல், பிறகு என்ஜினை அணைத்துத் தூக்கி, புல்லை எடுங்கள். எடுத்தபின்னும் தாரை வலுக்கவில்லையென்றால் அந்தத் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் தண்ணீரை இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. மணலும் சேறும் கலந்த இந்தத் தண்ணீரில் ரப்பர் இதழ்கள் சீக்கிரம் தேயும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்று இம்பெல்லரை அதன் கேஸ்கெட், சாவியோடு எடுத்துப் போவதோடு, வீட்டில் ஒருமுறை இருவரும் கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

மற்ற உதிரிகள்: ஸ்பார்க் பிளக் ஒரு செட், மாற்று புரொப்பெல்லர், அதன் நட்டும் காட்டர் பின்னும், ஃபியூஸ்கள், கியர் ஆயில் ஒரு பாட்டில், பெட்ரோலைக் கையால் அழுத்தி ஏற்றும் பிரைமர் பல்ப் ஒன்று. பேட்டரி இரண்டு இருக்கட்டும். ஒன்று ஸ்டார்ட்டருக்கு மட்டும், மற்றது விளக்கு, பம்ப், பிளாட்டருக்கு. தண்ணீர் இறைக்கும் மின்பம்பு இருந்தாலும் இரண்டு வாளி வேண்டும்.

கிளம்பும் நாள்

டிரெய்லரில் வந்து இறங்கியதும் சக்கர மையத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும்போதே கடலில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உப்புத்தண்ணீரை பேரிங்குக்குள் இழுக்கும். அரை மணி ஆறவிடுங்கள். தொண்டிக் கரை வெகுதூரம் முழங்கால் ஆழம்தான்; தள்ளிவிட ஆட்களோ டிராக்டரோ வேண்டியிருக்கும், கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அதிர்வுக்கு விலகிவிடும், மிதித்தால்தான் முள்ளால் குத்தும். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான, 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் காலை வைத்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் கடல்நிலை அறிவிப்பையும் வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் முதல் நாள் மாலையும் அன்று காலையும் பாருங்கள். பிறகு கரையில் இருப்பவர்களிடம், "அண்ணே, தேவிபட்டினம் வரைக்கும் வலை எங்க எங்க கெடக்கு? தரை எங்க மேடா இருக்கு?" என்று கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத விவரம் அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி.

ஆழம் காட்டும் டெப்த் சவுண்டரில் இரண்டு மீட்டருக்கு அலாரம். அதற்குக் கீழே போனால் ஒருவர் அணியத்தில் நின்று, அரையடிக்கு ஒரு கோடு போட்ட மூங்கில் கழியால் தரையைத் தொட்டுச் சொல்லட்டும். ஏற்ற இறக்க ஓத வேறுபாடு இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே தரை தட்டினால் ஓதம் ஏறித் தூக்கிவிடும் என்று காத்திருக்க முடியாது. என்ஜினைத் தூக்கி, எடையைப் பின்னுக்கு மாற்றி, வந்த திசையிலேயே கழியால் தள்ளி வெளியே வாருங்கள். ரிவர்ஸில் முறுக்கினால் சேறுதான் இம்பெல்லருக்குள் போகும்.

வலை அடையாளம்: தெர்மாக்கோல், காலி கேன், கழியில் கட்டிய துணிக்கொடி. ஒரு கொடி தெரிந்தால் அதன் ஜோடியைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே போகாதீர்கள். நண்டு வலை தரையோடு கிடக்கும், மிதவைக் கயிறுதான் விசிறியில் சுற்றும். மண்டபம், தொண்டிக் கரைகளில் கடற்பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பங்கள் தண்ணீரோடு தண்ணீராகப் படிந்திருக்கும், காலை வெயில் எதிரே அடிக்கும்போது கண்ணுக்கே தெரியாது. கயிறு சுற்றிவிட்டால் அந்த நொடியே என்ஜினை அணைத்து, முதலில் நங்கூரம் போட்டுவிட்டு, என்ஜினைத் தூக்கிக் கையால் பிரியுங்கள். முடியாதபோது மட்டும் குறைந்த அளவு வெட்டுங்கள். வெட்டியதை ஊரில் சொல்லி, உரியவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அது ஒரு குடும்பத்தின் சோறு. நைலான் இழை விசிறிக்குப் பின்னால் தங்கினால் ஆயில் சீல் வளையத்தை அறுத்துவிடும். மாலையில் கியர் ஆயில் திருகைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள், பால்போல் வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

நங்கூரம் 8 முதல் 10 கிலோ டான்ஃபோர்த் வகை, 5 மீட்டர் சங்கிலி, 50 மீட்டர் 12 மி.மீ. நைலான் கயிறு. தண்ணீர் 3 மீட்டர், அணியத்தின் உயரம் 1 மீட்டர் என்றால் இரண்டும் சேர்ந்த 4 மீட்டரைப் போல் பகலில் ஐந்து மடங்காக 20 மீட்டரும் இரவில் ஏழு மடங்காக 28 மீட்டரும் கயிறு விட வேண்டும். புல்லின் மேல் போட்டால் நங்கூரம் வழுக்கும், புல்லையும் உழுதுவிடும். வெளிறிய மணல் தெரியும் இடம் பாருங்கள். பின்பக்கத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள், ஒரு அலையில் தண்ணீர் ஏறிவிடும்.

ஒருவர் விழுந்தால்

லைஃப் ஜாக்கெட்டைக் கரையில் போட்டுக் கரையில்தான் கழற்ற வேண்டும். ஓட்டுபவரின் மணிக்கட்டில், அவர் விழுந்தால் என்ஜினைத் தானே அணைக்கும் கில்-ஸ்விட்ச் கயிறு இருக்கும். மாற்று கிளிப் ஒன்று மற்றவரிடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுநர் கயிற்றோடு விழுந்தபின் என்ஜினைக் கிளப்ப முடியாது.

விழுந்த பக்கமாகவே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், விசிறி அவரை விட்டு விலகும். மிதவை வளையத்தை எறியுங்கள், பிளாட்டரில் இடத்தைக் குறியுங்கள், கண்ணை எடுக்காதீர்கள். சுற்றிவந்து, காற்றுக்கு எதிர்முகமாக மெல்ல அணுகி, கைக்கெட்டும் தூரத்தில் என்ஜினை அணையுங்கள். நியூட்ரல் போதாது. எண்பது கிலோ ஆளை ஐம்பது கிலோ ஆள் கையால் தூக்க முடியாது. தண்ணீருக்குக் கீழே மூன்று படி இறங்கும் ஏணி பின்னால் வேண்டும். கூடவே பக்கவாட்டில் தொங்கவிட ஒரு கயிற்று வளையம். முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் குதித்து, மற்றவர் தனியாக ஏற்றிப் பாருங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள்.

சாப்பாடும் தங்கலும்

பெட்ரோல் படகில் அடுப்பு கூடாது. முதல் நாளுக்குப் புளியோதரைக் கட்டுச்சோறு, மறுநாள் முதல் கரையில் வாங்கியது. இடையில் சீடை, தேன்குழல், வாழைப்பழம். குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். ஒரே பெரிய கேனாக இல்லாமல் 5 லிட்டர் கேன்களாக வைத்தால் ஒன்று ஒழுகினாலும் மற்றவை மிஞ்சும். குமட்டலுக்கு அவோமின் போடுபவர்கள் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். அது தூக்கம் வரவைக்கும், ஆகவே அன்று அவர் ஓட்டக்கூடாது.

இரவு கரையில் தங்குங்கள். தேவிபட்டினம் சிறிய ஊர். அறை சரிப்படாவிட்டால் ராமநாதபுரம் பக்கம்தான். படகுக்கு உள்ளூர்க்காரர் ஒருவரைக் காவலுக்கு வைத்து, கில்-ஸ்விட்ச் சாவியையும் பிளாட்டரையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபின்

அன்றே, உப்பு காய்வதற்குள், என்ஜினில் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் அரை நிமிடம்கூடக் கிளப்பக் கூடாது, இம்பெல்லர் கருகிவிடும். டிரெய்லரின் பிரேக், ஸ்பிரிங், விளக்கு இணைப்புகளையும் கழுவுங்கள். என்ஜின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படும் துத்தநாக ஆனோடு பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள், அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். உப்பு உலோகத்தைத் தின்பதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே 1953 முதல் இயங்குகிறது. அந்த ஊர்க்காரர் படகில் ஆனோடு இல்லாமல் என்ஜின் பொத்துப்போகக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் விட்டு, பேட்டரியைத் தனியே எடுத்து, பெட்ரோலை வடித்துக் காருக்கு ஊற்றிவிடுங்கள். ஆயில் கலந்த பெட்ரோலாக இருந்தால் காருக்கு வேண்டாம். படகில் தண்ணீர் வடியும் துளையின் அடைப்பான் திருகைக் கழற்றி, அதை ஸ்டியரிங்கிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த முறை அதை மாட்டாமல் கடலில் இறக்குவது சுலபம். கண்ணெதிரே தொங்கினால் மறக்காது.